‘தங்கி வாழ்பவரா?’ என்ற கேள்வியும் ராமையாவும்

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கிற உங்களில் பாதிப் பேர் என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்புகிறீர்கள். அது தேவையில்லை. ஓய்வு பெற்ற சமூக சேவை உத்தியோகத்தருக்கு எழும்பி நின்று ஒரு பலனும் கிடைக்கப் போவதில்லை. உங்களுக்கு இடமாற்றம் எடுத்துத் தரவும் என்னால் முடியாது, வந்த இடமாற்றத்தை நிறுத்தவும் முடியாது. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

மன்னாரில் நான் வேலை செய்த காலம் முழுவதும் என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒரு விண்ணப்பப் படிவம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை தருவதற்கான படிவம் அது. உதவித்தொகை நல்ல திட்டம்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. படிவம்தான் கொழும்பில் சிங்களத்தில் எழுதப்பட்டு, அங்கேயே தமிழாக்கப்பட்டு, அதை நிரப்ப வேண்டிய ஒரு தாயையோ தகப்பனையோ ஒருநாளும் காணாமல் எங்களிடம் வந்து சேர்ந்தது. எழுதினவரைப் பிடித்துக் கொண்டுவந்து என் முன்னால் இருத்தி நிரப்பச் சொல்ல வேணும் என்று நான் சத்தம் போடுவதைக் கந்தோரில் என்னோடு வேலை செய்தவர்களில் கேட்காதவர் இல்லை.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். படிவத்தில் ‘இயலாமை எப்போது ஆரம்பித்தது?’ என்று ஒரு கேள்வி. நம்முடைய கரையில் ‘ஏலாது’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ‘அவருக்கு ஏலாது, இண்டைக்குக் கடலுக்குப் போகேல்ல’ என்றால் ஆளுக்குக் காய்ச்சல் அல்லது வயிற்றோட்டம். பேசாலையில் இருந்து ஒரு தாய், காது கேளாத தன் மகனுக்காக நிரப்பிக் கொண்டுவந்தார். அந்தக் கேள்விக்கு நேரே, ‘போன மாரி. நெருப்புக்காய்ச்சல். இப்ப நல்ல சுகம்’ என்று எழுதியிருந்தார்.

“பிள்ளைக்குக் காது கேளாததை ஏன் எழுதேல்ல?” என்று கேட்டேன்.

“அது ஏலாமை இல்லையே மிஸ். அவன் பிறந்ததில இருந்தே அப்பிடித்தான். கிழிஞ்ச வலை பொத்துறதில அவனை முந்த எங்கட கரையில ஆள் இல்லை.”

அப்படியே அனுப்பியிருந்தால், நல்ல சுகமாக இருக்கிற பிள்ளைக்கு உதவி எதற்கு என்று எழுதித் திருப்பியிருப்பார்கள். அந்தத் தாய் என் மேசைக்கு முன்னால் இருந்ததால் காரியம் அன்றைக்கே சரிவந்தது. இருவரும் சிரித்துச் சிரித்துப் புதுப் படிவம் நிரப்பினோம். எல்லாப் பிழையும் இப்படிச் சிரிப்போடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

இனி ராமையாவின் கதைக்கு வருகிறேன்.

முருங்கனுக்கு அப்பால், வயல் பக்கமாக உள்ளே போனால், மலைநாட்டில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இருக்கிற ஊர் ஒன்று உண்டு. ராமையா அங்கே கூலி வேலை செய்கிறவர். விதைப்புக் காலத்தில் வயலில் நிற்பார், மற்ற நாளில் கிடைத்த வேலைக்குப் போவார். மனைவி இறந்து கனகாலம். ஒரே மகள் கௌசல்யா. பிறந்ததில் இருந்தே அவளுடைய வலது கையும் காலும் சொல்வழி கேட்காது. நடை தள்ளாடும், பேச்சு இழுபட்டு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். படிப்பில், அதுவும் கணக்கில், புலி. உயர்தரப் பரீட்சையில் வர்த்தகப் பிரிவில் நல்லாகச் செய்து, மன்னார் நகரத்தில் கணக்கியல் படிக்க இடமும் எடுத்துவிட்டாள். ஆனால் ஊரில் இருந்து முருங்கன் சந்திக்குப் பஸ் பிடிக்க அவளால் நடந்து வர முடியாது. தினமும் போகவும் வரவும் ஓட்டோ வேணும். ஒரு கூலிக்காரனின் உழைப்பில் அது கட்டாது. உதவித்தொகை வந்தால் படிப்பு, வராவிட்டால் வீடு. அவள் நிலைமை அவ்வளவுதான்.

ஒருநாள் காலமை ராமையா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மடிப்புக் கலையாமல் மினுக்கின சட்டை போட்டிருந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“ஒண்ணு கேக்கணும் மிஸ். இந்தப் பணம் வீடு இல்லாதவங்களுக்கு மட்டுந்தானா?”

“ஆர் அப்பிடிச் சொன்னது?”

“கடுதாசி சொல்லுது.”

மகளுடைய விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. கூட வந்த கடிதத்தில் ஒரே ஒரு வரி: ‘விண்ணப்பதாரர் தங்கி வாழ்பவர் அல்லர் என்பதால் தகுதி பெறவில்லை.’

“சொந்தமா வீடு கட்டுனது குத்தமா மிஸ்? அன்னைக்கு முகாம்ல தங்கியிருந்தப்ப பருப்பு, மாவு எல்லாம் குடுத்தீங்க. இன்னைக்கு எங்கயும் தங்கலன்னு சொன்னா, இல்லங்கிறீங்க.”

எனக்கு முதலில் தலைகால் விளங்கவில்லை. படிவத்தை எடுத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ‘விண்ணப்பதாரர் தங்கி வாழ்பவரா? ஆம் / இல்லை’ என்று ஒரு கேள்வி. நம்முடைய கந்தோர்த் தமிழில் தங்கி வாழ்பவர் என்றால், தன் செலவுக்குப் பெற்றோரையோ வேறு ஒருவரையோ நம்பி இருக்கிறவர். ராமையா அதற்கு ‘இல்லை’ என்று எழுதி, வரிக்குக் கீழே நெருக்கிச் ‘சொந்தக் காணி, சொந்த வீடு’ என்றும் எழுதியிருந்தார். எழுத்து தாளின் மற்றப் பக்கத்தில் தடவினால் தெரிகிற அளவுக்குப் பேனையை அழுத்தியிருந்தார்.

இதில் அந்த மனிதனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவருடைய தகப்பன் காலத்தில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் இருந்து வந்தவர்கள். பிறகு சண்டை. ஆருடையவோ வளவில் ஒரு கொட்டில், பிறகு முகாம், பிறகு இன்னொரு முகாம். ஒவ்வொரு இடத்திலும் கந்தோர்க்காரர் வந்து பதிவார்கள். ‘முகாமில் தங்கியிருப்போர்’, ‘உறவினருடன் தங்கியிருப்போர்’ என்று பிரித்துப் பிரித்துப் பதிவார்கள். தங்கி என்கிற சொல்லை அவருக்குப் படிப்பித்ததே நம்மைப் போன்ற ஆட்கள்தான். கடைசியில் காணி கிடைத்து, கல்லுச் சுமந்து, தன் கையால் ஒரு வீட்டைக் கட்டி முடித்த மனிதனிடம் போய் ‘தங்கி வாழ்பவரா?’ என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? நான் என்றாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

இருத்தி வைத்து, அந்தச் சொல்லின் கந்தோர் அர்த்தத்தைச் சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருக்கிற ஒருத்தி தரக்கூடிய அளவு பொறுமையோடுதான் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, முன்னையை விடக் கூடுதலாக முகம் கறுத்தார்.

“அப்ப எம் புள்ள அடுத்தவங்க மேல தொங்கிக்கிட்டு இருக்கான்னு நான் எழுதிக் குடுக்கணுமா? அவ யாருக்கும் பாரம் இல்ல மிஸ். அவ படிப்பு அவ மூளையில வந்தது. அப்பிடி எழுதித்தான் பணம் வரும்னா அந்தப் பணம் வேணாம்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடிதமும் படிவமும் என் மேசையிலேயே கிடந்தன.

எனக்குப் பக்கத்து மேசையில் அப்போது ஒரு தங்கச்சி இருந்தாள். வேலையில் கெட்டிக்காரி, மனமும் நல்ல மனம். “மிஸ், நாங்களே அந்த ‘இல்லை’யை வெட்டிப்போட்டு ‘ஆம்’ எண்டு போட்டுவிட்டா என்ன? ஒரு கோடுதானே. அந்தப் பிள்ளைக்குக் காசு வரும், அவருக்கும் தெரியாது” என்றாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும், அந்த ஒரு கோட்டைப் போடக் கை துடிக்கும். போடாதீர்கள். கீழே கையொப்பம் அவருடையது. நாளைக்கு ஆராவது அந்த ஊருக்குப் போய் அவரிடம் அதே கேள்வியைக் கேட்டால், நெஞ்சை நிமிர்த்தி ‘இல்லை’ என்றுதான் சொல்லுவார். அன்றைக்குப் பொய் எழுதிக் காசு எடுத்தவள் என்ற பெயர் கௌசல்யாவுக்குத்தான் வரும், கோடு போட்ட நமக்கு வராது. இதைத்தான் அந்தத் தங்கச்சிக்கும் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை, படிவத்தை என் கையில் தந்தாள்.

அடுத்த நாள் முருங்கனுக்குப் பஸ் ஏறினேன்.

ராமையா வேலைக்குப் போயிருந்தார். கௌசல்யா முற்றத்தில் கதிரையில் இருந்து, முழங்காலில் ஒரு பலகையை வைத்து இடது கையால் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். அவளை நான் முதன்முதல் கண்டது அன்றைக்குத்தான். கதைக்கத் தொடங்கியதும் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். அவள் ஒரு வசனத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறபோது, பொறுமையில்லாமல் நானே மிச்சத்தைச் சொல்லி முடித்தேன். அவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த வசனத்தை முதல் சொல்லில் இருந்து திரும்பத் தொடங்கினாள். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. அவள் சொல்ல வந்ததும் நான் முடித்ததும் வேறு வேறு. அதற்குப் பிறகு நான் குறுக்கே போகவில்லை.

நடந்ததை எல்லாம் சொன்னேன். திரும்பி வந்த விண்ணப்பங்களை மறுபடி விசாரிக்கும் குழு, மாவட்டச் செயலகத்தில் அந்த வருடத்துக்குக் கடைசியாகக் கூடப் போகிறது என்றும், தகப்பனும் மகளும் நேரில் வந்தால்தான் பார்ப்பார்கள் என்றும் சொன்னேன். அதைத் தவறவிட்டால் படிப்பு இடமும் போய்விடும் என்பது அவளுக்கே தெரியும்.

“அப்பாவ... நான்... பாத்துக்கிறேன் மிஸ்” என்றாள். “நீங்க... நாள்... வாங்கித் தாங்க.”

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. கந்தோரில் இருந்து ஒருத்தி வீடு தேடி வந்திருக்கிறாள், இந்தச் சின்னப் பெட்டை அவளுக்கே வேலை பிரித்துக் கொடுக்கிறாள். எனக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று. போய் நாள் வாங்கினேன்.

கச்சேரி என்று நாம் எல்லோரும் சொல்கிற மாவட்டச் செயலகத்தில், மேல்மாடி அறையில் குழு கூடியது. தலைவர் ஒரு மூத்த அதிகாரி, நிதானமான மனிதர். பக்கத்தில் நிதிப் பகுதி உத்தியோகத்தர், மத்தியானத்துக்கு முதல் எல்லாவற்றையும் முடித்துவிட வேணும் என்று வந்தவர். கௌசல்யா அந்தப் படிகளில் ஏறி முடிக்கக் கனநேரம் எடுத்தது. தகப்பன் கை கொடுக்கவில்லை. ஒரு படி பின்னால், அவள் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் வந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நான் மேலே நின்றேன்.

மகள் அவரோடு என்ன கதைத்து அழைத்து வந்தாள் என்று எனக்குத் தெரியாது. வந்தார், அது போதும் என்று நினைத்தேன். ஆனால் தலைவர் படிவத்தை எடுத்து, அதில் இருக்கிறபடியே, “விண்ணப்பதாரர் தங்கி வாழ்பவரா?” என்று வாசித்ததுதான் தாமதம், ராமையா நிமிர்ந்தார்.

“இல்லீங்க” என்றார்.

நிதி உத்தியோகத்தர் விண்ணப்பக் கோவையை மூடினார். “அவரே சொல்லுறார்தானே சேர். அடுத்த ஆளைக் கூப்பிடுவம்.”

நான் வாய் திறக்கப் போனேன். என்னிடம் நல்ல விளக்கம் இருந்தது, வழி முழுக்கச் சொல்லிப் பழகி வந்த விளக்கம். அந்த நேரம் கௌசல்யா தொடங்கினாள்.

“அப்பா... நான்...”

“என்ன பிள்ளை, தண்ணி வேணுமா?” என்றார் நிதி உத்தியோகத்தர். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவருக்கு மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அவர் முடிக்கும் வரை பொறுத்தாள். “அப்பா... நான்... இஸ்கூலுக்கு...”

“பாடசாலைக் கடிதம் எல்லாம் கோவையில இருக்குது, அதில பிரச்சினை இல்லை.”

அவள் மறுபடியும் பொறுத்தாள். நான் அப்போது செய்த ஒரே வேலை இதுதான்: என் விளக்கத்தை விழுங்கிக்கொண்டு, “சேர், அந்தப் பிள்ளை சொல்லி முடியட்டும். எல்லாரும் கொஞ்சம் பேசாமல் இருப்பம்” என்றேன். தலைவர் கையைத் தூக்கி நிதி உத்தியோகத்தரை நிறுத்தினார். கௌசல்யா குழுவின் பக்கம் பார்க்கவே இல்லை. தகப்பன் பக்கமாகத் திரும்பினாள், முதல் சொல்லில் இருந்து தொடங்கினாள்.

“அப்பா. நான்... இஸ்கூலுக்குப் போக... ஓட்டோவுக்கு... யாரு குடுத்தா?”

“நான்தான்” என்றார் ராமையா. இங்கே எதற்கு இதைக் கேட்கிறாள் என்பதுபோல அவளைப் பார்த்தார்.

“சோறு... யாரு... ஆக்குனா?”

“நான்தான். ஒங்கம்மா போனதுலருந்து நான்தானே.”

“வேற... யாராச்சும்... குடுத்தாங்களா?”

“வேற யாரு? ஒருத்தரும் எட்டிக்கூடப் பாக்கல.” இப்போது அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். குழுவைப் பார்த்துச் சொன்னார்: “எம் புள்ளைய நான்தாங்க பாத்தேன். தூக்கிக்கிட்டுப் போயி பள்ளிக்கூடத்துல விட்டதும் நான், வெளிய நின்னு கூட்டிக்கிட்டு வந்ததும் நான். இனிமேலும் நான்தான் பாப்பேன்.”

கௌசல்யா இப்போதுதான் தலைவரைப் பார்த்தாள். “இதுக்குத்தான் ஐயா... உங்க பாஷையில... தங்கி வாழுறதுன்னு... பேரு” என்றாள்.

என் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்க நான் முயற்சி எடுக்கவும் இல்லை. இவ்வளவு கால வேலையில் ஒரு கேள்வியை இவ்வளவு நேராக்கிக் கேட்ட ஒருத்தரை நான் கண்டதில்லை. அப்பா சொன்னது பிழை என்று அவள் சொல்லவில்லை. அவர் வெட்கப்பட்டு மறுத்ததை, அவரே பெருமையோடு எழும்பி நின்று சொல்லும்படி செய்துவிட்டாள். நான் என் விளக்கத்தோடு குறுக்கே போயிருந்தால் ராமையா தலை குனிந்து ‘ஆம்’ என்றிருப்பார், காசும் வந்திருக்கும், அந்த ‘ஆம்’ அவருக்கு ஒருநாளும் சீரணித்திருக்காது. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன், மெதுவாகக் கதைக்கிறவர்கள் முன்னால் வந்தால் உங்கள் கெட்டித்தனத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

ராமையா மகளைப் பார்த்தார், பிறகு படிவத்தைப் பார்த்தார். “இதத்தான் கேட்டிருக்காங்களா?” என்றார்.

“ஓம், இதைத்தான்” என்றார் தலைவர்.

“அப்ப ஆமான்னு போடுங்க.” கிட்டப் போய்ப் படிவத்தைக் குனிந்து பார்த்தார். “யாருன்னு கேக்கலியே ஐயா?”

தலைவருக்கு விளங்கவில்லை. “என்ன?”

“புள்ள யாரு பொறுப்புல இருக்கான்னு கேக்கலியே. எம் பேர எங்க எழுதுறது?”

தலைவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தகப்பன் பெயருக்கு முதல் பக்கத்தில் ஓர் இடம் இருந்தது, அது வெறும் பெயர் விபரம். இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் ஆம், இல்லை என்ற இரண்டு சொல்லைத் தவிர ஒன்றுக்கும் இடமில்லை. தலைவர் தன்னுடைய பேனையை எடுத்து ராமையாவிடம் கொடுத்து, தாளின் கரையில் இருந்த வெள்ளை இடத்தைக் காட்டினார்.

“சேர், கரையில எழுதினா கொழும்பில கேள்வி கேப்பினம்” என்றார் நிதி உத்தியோகத்தர்.

“கேக்கட்டும். நான் பதில் சொல்லுறன்.”

ராமையா ‘இல்லை’யைத் தானே வெட்டினார். ‘ஆம்’ என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்து, அவசரமில்லாமல், எழுத்து எழுத்தாக எழுதினார். நிதி உத்தியோகத்தர் அந்த நேரத்தில் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. எழுதி முடித்த பிறகு அவர்தான் எழும்பி, கௌசல்யாவுக்குக் கதவைத் திறந்து பிடித்து, படிக்கட்டு வரை கூட வந்தார்.

உதவித்தொகை வந்தது. கௌசல்யா படித்து முடித்து, இப்போது முருங்கனில் ஒரு நெல் ஆலையில் கணக்கு எழுதுகிறாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கிற வசனத்தை முதலாளி இடையில் முடித்து வைத்தால், அவரிடமும் முதல் சொல்லில் இருந்துதான் திரும்பத் தொடங்குகிறாளாம். அவரே வந்து எனக்கு முறைப்பாடு சொன்னார். பழகிக்கொள்ளுங்கோ என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மேசைக் கண்ணாடிக்குக் கீழே, படிவத்தோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லி ஒரு தாள் இருக்கிறது. ‘இதென்ன, கந்தோர்த் தமிழே இல்லையே’ என்று உங்களில் ஒருவர் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். அது நான் எழுதினது, தலைவர் அனுமதித்தது. படிவத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இருக்கவில்லை, ஒரு தாள் வைக்க இருந்தது. தங்கி வாழ்பவரா என்ற கேள்விக்கு நேரே அதில், ‘பிள்ளையின் சாப்பாடு, படிப்பு, பயணம் எல்லாம் யார் பார்க்கிறது?’ என்று போட்டு, பெயர் எழுத ஒரு கோடும் விட்டிருக்கிறேன். அந்தத் தாள் வந்ததில் இருந்து அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதி ஒரு தாயும் தகப்பனும் என்னிடம் வரவில்லை. பேசாலையிலும் சரி, தலைமன்னாரிலும் சரி, பெயரைத்தான் எழுதுகிறார்கள்.

தாளைத் தட்டச்சு செய்த அன்றைக்கே, முருங்கன் பஸ் நிலையத்தில் கண்ட ராமையாவிடம் அதைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, தூரப் பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

“கேள்வி சரி மிஸ்” என்றார். “கோடு கொஞ்சம் குட்டையா இருக்கு.”

கந்தோருக்குத் திரும்பிப் போய் முதல் வேலையாக அந்தக் கோட்டை நீட்டினேன்.